இறுக்கிய கை

மெக்கானிக் யாகப்பர் பாஸ் எஞ்சினில் கை வைத்தால் திரேசா குசினியில் சத்தம் காட்டமாட்டாள். தேங்காய் துருவுவதைக்கூட நிறுத்திவிடுவாள். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளையின் கோபத்துக்குப் பயந்து பழகியது, போகப்போக அந்தச் சத்தத்தைக் கேட்பதே அவளுக்குப் பிடித்துப் போயிற்று. ஸ்பெனர் நட்டைக் கவ்வும். பாதி வரை பேசாமல் சுற்றும். பிறகு மெல்ல முனகும். கடைசியில் 'கிறுக்' என்ற சின்னச் சத்தத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் அவர் ஒரு மயிரிழை திருப்பமாட்டார். கண்டி மஹய்யாவயில் அவர்களுடைய வீடும் கராஜும் ஒரே தகரக் கூரைக்குக் கீழேதான். குசினி ஜன்னலைத் திறந்தால் நேரே எஞ்சின் வைக்கும் மேசை தெரியும். அதனால் புருஷனின் தொழிலை அவள் காதாலும் கண்ணாலும் அரைவாசி படித்து வைத்திருந்தாள்.

போன வருஷம் யாகப்பருக்கு வாதம் அடித்தது. கோணிய வாய் நேராயிற்று. இழுத்த கால் நடக்கத் தொடங்கிற்று. வலது கையும் தூக்க, மடக்க, பிடிக்கப் பழையபடி வந்தது. வராமல் போனது உணர்ச்சி ஒன்றுதான். அது புருஷனுக்கும் பெண்சாதிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒரு நாள், சூடான சைலன்சரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தவர், தோல் கருகிய வாடை மூக்கில் ஏறிய பிறகுதான் கையை எடுத்தார். மகன் ரொனி கேட்டபோது திரேசா முந்திக்கொண்டாள்.

"சோறு வடிக்கிறப்ப கஞ்சி பட்டுருச்சு. நான்தான் கவனமில்லாம சட்டிய சாச்சுட்டேன்."

சொல்லாமல் என்ன செய்வாள்? கராஜ் இப்போது ரொனியின் பொறுப்பில். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "கை முழுசா சொகமானா வாங்க. இல்லாட்டி வீட்டோட இருங்கப்பா. நாலு பேர் உசிர நம்பி ஓட்டுற வண்டி." அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனால் யாகப்பரைக் கதிரையில் உட்கார வைத்தால் அவர் ஒரு வருஷம் தாங்கமாட்டார் என்று திரேசாவுக்குத் தோன்றியது. ஆகவே இரண்டு பேருமாகச் சேர்ந்து ரொனியின் கண்ணுக்குக் கையைச் சுகமாக்கிவிட்டார்கள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின அந்த வியாழக்கிழமை மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஹந்தானை மலைப் பக்கம் இடி உருண்டது. மேசையில் இராமநாதன் மாஸ்டரின் பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள் எஞ்சின். மாஸ்டர் யாழ்ப்பாணத்து மனுஷன்; கண்டியிலேயே படிப்பித்து ஓய்வுபெற்றவர். வண்டி செத்துப்போன அவருடைய அண்ணனுடையது. அதைத் தன் பிள்ளையைப் போலத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். உருளைக்குள் புது பிஸ்டன் போட்டாயிற்று. உருளையை எஞ்சின் அடிப்பெட்டியோடு பிடிக்கும் நாலு நட்டுகளை இறுக்குவதுதான் மிச்சம். அடிப்பெட்டி அலுமினியம். அதற்குள் திருகுமரை போட்டு இறக்கிய, நட்டு ஏறும் நாலு இரும்பு ஸ்டட்டுகள். இரும்பு தாங்கும், அலுமினியம் தாங்காது. பழைய அலுமினியமோ கொஞ்சமும் தாங்காது.

ரொனி சாமான் எடுக்கப் பல்லேகலைக்குப் போயிருந்தான். கராஜில் யாகப்பரும் தினேஸும் மட்டும். தினேஸ் பன்வில தேயிலைத் தோட்டத்துப் பையன். பையன் என்பது பழக்கதோஷம், அவனுக்கு முப்பது தாண்டிக் கல்யாணமும் ஆகிவிட்டது. விடியப்புறத்து பஸ்ஸில் வந்து பொழுதுபட்ட பிறகு திரும்பிப் போவான். பேச்சு குறைவு. யாகப்பர் வாதத்தில் விழுந்த அன்று அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவன் அவன்தான்.

திரேசா பருப்புக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மூன்று நட்டுகள் நல்லபடியாக முனகி நின்றன. நாலாவது முனகியது. கிறுக்கென்றது. நிற்கவில்லை. அவள் நிமிர்ந்து ஜன்னலால் பார்த்தாள். ஸ்பெனர் தண்ணீரில் சுற்றுவதுபோல வழவழவென்று சுற்றிக்கொண்டிருந்தது. யாகப்பரின் முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. அவர் இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"போதும் பாஸ்!" தினேஸ் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தான். "போதும், போதும். விடுங்க."

யாகப்பர் ஸ்பெனரைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். பிறகு ஸ்பெனரை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, கை கழுவப் போகிறவரைப் போல வீட்டுக்குள் வந்தார். குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றார். கையை நீட்டவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது.

மழையோடு மழையாக ரொனி வந்து இறங்கினான். தினேஸ் நட்டைக் கழற்ற, ஸ்டட்டும் கூடவே கையோடு வந்துவிட்டது. அதன் மரையில் அலுமினியம் சுருள்சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னாடா இது?" ரொனி ஸ்டட்டைப் பிடுங்கிப் பார்த்தான். "த்ரெட் முழுசா உருவிக்கிட்டு வந்திருக்கு. ஸ்பெனர்ல பைப்பு போட்டு இறுக்கினியா?"

தினேஸ் வாசலைப் பார்த்தான். துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு யாகப்பர் அங்கே நின்றார்.

"கேக்குறேன் இல்ல? ஒடம்புல பலம் இருந்தா பத்துமா? இது லொறி எஞ்சினா? இதுக்கு இன்னொரு பெட்டி எங்க தேடுவேன் நான்? மாஸ்டருக்கு என்னா பதில் சொல்றது?" ரொனி தகப்பனிடம் திரும்பினான். "நீங்க பக்கத்துல இருந்துமாப்பா இப்படி?"

"நான் உள்ள போயிருந்தேன்," என்றார் யாகப்பர்.

மூன்றே சொல். குசினியில் திரேசா கத்தியைக் கீழே வைத்தாள். 'இல்லடா, அப்பாதான்' என்று ஜன்னலால் சொல்லவேண்டியதுதான் பாக்கி. வாய் வரை வந்தது. மகனுக்கு முன்னால், வேலைக்காரனுக்கு முன்னால், கட்டின புருஷனைப் பொய்யன் ஆக்குவதா? வந்ததை விழுங்கினாள்.

தினேஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மறுத்துப் பேசாதது ரொனிக்கு இன்னும் ஏற்றிவிட்டது.

"வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? செஞ்சத செஞ்சேன்னு சொல்லக்கூட ஒனக்கு தைரியமில்ல. நாளைக்கு வராத. கூப்பிடுறப்ப வா."

தினேஸ் தன் சாப்பாட்டுப் பெட்டியையும் மாற்றுச் சட்டையையும் பையில் போட்டான். அவசரப்படவில்லை. திரேசா தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். நின்றபடியே குடித்தான்.

"மழ விட்டுப் போகலாமேப்பா."

"இல்லம்மா. பஸ் போயிரும். வர்றேன்."

மறுநாள் தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சாயந்தரம் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து யாகப்பர் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றார். வருஷத்துக்கு ஒருமுறை, பெரிய வெள்ளிக்கு முதல் நாள்தான் அவர் அந்த வரிசையில் நிற்பது வழக்கம். இந்த முறை முந்திக்கொண்டார். வீட்டுக்கு வந்தவரின் முகம் தெளிந்திருந்தது. முந்தின ராத்திரி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டு எழும்பிப் போன மனுஷன், இன்றைக்குச் சோறும் பருப்பும் சம்பலும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டார். அதுதான் திரேசாவுக்குப் பொறுக்கவில்லை.

"லேசாயிட்டீங்க போல?"

"என்னா?"

"சாமிகிட்ட என்னா சொன்னீங்க?"

"அத கேக்கக் கூடாது திரேசா."

"நான் கேக்கவே வேணாம். மொகத்துலயே எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க."

அவர் விரல்களை நக்கிவிட்டு, சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். "பொய் சொன்னேன்னு சொன்னேன். ஒரு ஆளுக்கு அநியாயம் பண்ணிட்டேன்னும் சொன்னேன்."

"சாமி என்னா சொன்னாரு?"

"அம்பத்து மூணு மணி செபமால சொல்லச் சொன்னாரு."

"அம்புட்டுத்தானா?"

"அந்த ஆள கண்டு சமாதானம் பண்ணிக்கிருங்கன்னும் சொன்னாரு."

"பண்ணுங்களேன்."

"பாக்கலாம். பெருநா முடியட்டும்."

"என்னாங்க, நான் படிக்காதவ. ஆனா எனக்கு ஒண்ணு வெளங்கல்ல. நீங்க கோயில்ல எறக்கி வச்சிட்டு வந்துட்டீங்க. அவன் அத இன்னும் தலையில தூக்கி வச்சிருக்கானே, அது எப்ப எறங்கும்? செபமால சொன்னா எறங்குமா?"

"மெதுவா பேசு. ரொனிக்கு கேக்கும்."

"கேக்கட்டுமே."

யாகப்பர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு வலது கையை மேசை விளக்குக்குக் கீழே விரித்து வைத்தார். கருகிய தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"பயமா இருக்கு திரேசா," என்றார். "இது செத்துப்போன கைனு தெரிஞ்சா ரொனி என்னைய கதிரையில ஒக்கார வச்சிருவான். காலைலருந்து பொழுதுபடுற வரைக்கும் ரோட்டுல போற பஸ்ஸ எண்ணிக்கிட்டு இருக்கணும். தினேஸுக்கு என்னா, வயசு இருக்கு. வேற எடத்துல சேந்துக்கிருவான்."

"எஞ்சின ஒடச்சவன்னு பேரு வாங்கிட்டா?"

அவர் எழும்பிக் கை கழுவினார். செபமாலையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். வழக்கமாகச் சேர்ந்து சொல்லும் திரேசா அன்று போகவில்லை. அவர் தனியாக, யாரும் பதில் சொல்லாமல், முதல் பாதியையும் மறுபாதியையும் தானே சொல்லிக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்டது. பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

சனிக்கிழமை ரொனி வேலையில் இறங்கினான். பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் இருக்கும் ருஷ்தி என்ற கூட்டாளியிடம் போய், அந்த இங்கிலீஷ் மரைக்கு ஏற்ற கம்பிச் சுருளும் அதற்கான, மரை வெட்டும் டெப்பும் வாங்கி வந்திருந்தான். பிய்ந்துபோன துளையைப் பெரிதாகத் துளைத்து, புது மரை வெட்டி, அதற்குள் உருக்குக் கம்பிச் சுருளைத் திருகி இறக்கிவிட்டால் பழைய ஸ்டட் அதில் உட்காரும். முதலில் போட்டதைவிடப் பலமாகவே பிடிக்கும். ஆனால் துளை ஒரு துளி சாய்ந்தாலும் ஸ்டட் சாயும், உருளை உட்காராது, அடிப்பெட்டி குப்பைக்குத்தான்.

"பிடிங்கப்பா," என்று விளக்கைத் தகப்பன் கையில் கொடுத்தான். உருளையைக் கழற்றிவிட்டு, எஞ்சின் வாய்க்குள் பழைய துணியைத் திணித்தான். ஒரு சிட்டிகை அலுமினியத் தூள் உள்ளே விழுந்தாலும் பெயாரிங் போய்விடும். தடித்த இரும்புத் தகடு ஒன்றில் நாலு துளை போட்டுக் கொண்டுவந்திருந்தான். மூன்று துளையை நல்ல ஸ்டட்டுகளில் மாட்டி இறுக்கினான். நாலாவது துளைதான் ட்ரில்லுக்கு வழிகாட்டி. தகடு பிடித்துக்கொள்ள, ட்ரில் சாய வழியில்லை.

திரேசா ஜன்னலில் நின்றாள். இன்றைக்குக் குசினி வேலை எதுவும் அவளுக்கு ஓடவில்லை.

மண்ணெண்ணெய் விட்டு விட்டுத் துளைத்தான். டெப்பில் கிறீஸ் அப்பி, கால் சுற்று முன்னுக்கு, அரைக் கால் சுற்று பின்னுக்கு என்று வெட்டினான். நடுவில் எடுத்துத் துடைப்பான். துடைக்கும்போதெல்லாம் தினேஸைத் திட்டுவான்.

"பாருங்கப்பா, ஒரு நிமிசத்து கவனக்கொறவு. எத்தன வேல வச்சிட்டுப் போயிருக்கான். மேல புடிங்க வெளக்க. எத்தன வருசம் நம்மகிட்ட வேல பழகினான்? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, அலுமினியத்துல கைய கேட்டு இறுக்குனு? கேட்டானா? வெளக்குப்பா, வெளக்கு! எங்க பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

யாகப்பர் விளக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

சுருளை இறக்கும்போது ரொனி மூச்சுக்கூட விடவில்லை. அது நேராக இறங்கியது. திருகுவதற்காகச் சுருளில் விட்டிருந்த அடிவால் முறிந்து விழும் சின்னச் சத்தத்தோடு வேலை முடிந்தது. ஸ்டட்டைத் திருகினான். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. துணியை எடுத்து, எல்லாம் துடைத்து, உருளையைத் திரும்பவும் ஏற்றி முடிக்கையில் இராமநாதன் மாஸ்டர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன தம்பி, சரிவருமோ?"

"சரி மாஸ்டர். கடவுள் புண்ணியத்துல பெட்டி தப்பிருச்சு. நட்ட இறுக்கினா முடிஞ்சுது." மூன்று நட்டுகளை ரொனி இறுக்கினான். நாலாவதில் ஸ்பெனரை மாட்டிவிட்டு நிமிர்ந்தான். முகத்தில் வேலை முடிந்த சந்தோஷம். "இத மட்டும் நான் செய்யல்ல மாஸ்டர். பழைய அலுமினியம், புது த்ரெட். இதுக்கு எங்கப்பா கைதான் வேணும். எனக்கு இன்னும் அந்த அளவு வரல்ல. வாங்கப்பா."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து யாகப்பர் ஏங்கிக்கொண்டிருந்த சொல் அது. மகன் வாயால், வெளி ஆள் முன்னால், கேட்காமலே கிடைத்துவிட்டது. அவர் விளக்கைக் கீழே வைத்தார். ஸ்பெனரைப் பிடித்தார். திரேசா ஜன்னல் கம்பியை இறுகப் பற்றினாள்.

பிடித்தவர் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"என்னால முடியாதுடா," என்றார். "அன்னைக்கு பிச்சது நான்தான்."

"என்னாப்பா?"

"தினேஸ் தொடவே இல்ல. நான்தான் இறுக்கினேன். போதும் போதும்னு அவன் என் கையப் புடிச்சான். எனக்கு தெரியல்ல. இந்த கைக்கு ஒண்ணும் தெரியாது. வாதம் வந்த நாள்லருந்து தெரியாது."

ரொனி எழும்பி வந்து தகப்பனின் வலது கையைப் பிடித்து, கண்ணை மூடச் சொன்னான். கட்டைவிரல் நகத்தால் உள்ளங்கையில் அழுத்தினான்.

"தெரியுதா?"

"இல்ல."

விரல் நுனியில் அழுத்தினான். "இப்ப?"

"அழுத்துறியா?"

ரொனி கையை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தான். "கஞ்சி பட்டுச்சுனு சொன்னீங்களேம்மா."

திரேசாவால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. இராமநாதன் மாஸ்டர்தான் தொண்டையைச் செருமினார்.

"பிழை ஆருக்கும் வரும் பாஸ். வண்டிக்கு இனிப் பயமில்லை. ஆனா அந்தப் பிள்ளையின்ர பேரெல்லோ பழுதாப் போச்சு. அதைப் போய்ச் சீர்படுத்துங்கோ."

நாலாவது நட்டை ரொனியே இறுக்கினான். மெல்ல முனகி, சின்னக் கிறுக்கோடு நின்றது. அதன் பிறகு தினேஸுக்கு போன் எடுத்தான். எத்தனை தரம் எடுத்தும் பதில் இல்லை.

"போன்ல சொல்ற காரியமா இது?" என்றாள் திரேசா. "நாங்க போறோம்."

"போங்க. நான் எந்த மூஞ்சியோட வர்றது?" என்றான் ரொனி.

குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். வத்தேகம தாண்டியதும் குளிர் காற்று வந்தது. பன்வில டவுனில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறி தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போய்ச் சேர யாகப்பருக்கு மூச்சு வாங்கிவிட்டது. தினேஸ் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். கோடரியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"வாங்க பாஸ். வாங்கம்மா. இம்புட்டு தூரம் நடந்தா வந்தீங்க?"

ஸ்டூல் எடுத்துப் போட்டான். யாகப்பர் உட்காரவில்லை.

"தினேஸ், அன்னைக்கு நான்தான்... நான் செஞ்சிட்டு ஓம் மேல போட்டுட்டேன். நேத்து ரொனிகிட்டயும் மாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"எங்கிட்ட எதுக்கு பாஸ் சொல்றீங்க? நான்தான் பக்கத்துலயே நின்னேனே."

"அப்ப ஏன்டா வாய தொறக்கல்ல?"

"நீங்க சொல்லுவீங்கனு பாத்துக்கிட்டு நின்னேன்." சொல்லிவிட்டு வீட்டுக்குள் திரும்பி, "இங்க வா," என்று பெண்சாதியைக் கூப்பிட்டான். "எனக்கு தெரியும் பாஸ். இவகிட்ட சொல்லுங்க. அடுப்பு ஊதுற குழல கூட ஒடைக்கிற கை, அங்க போயும் ஒடச்சிட்டுதானே வந்திருக்கனு ரெண்டு நாளா அழுகுறா. நான் செய்யல்லனு சொன்னா, எல்லா ஆம்பளையும் அப்படித்தான் சொல்லுவான்னு சொல்றா."

அந்தப் பெண் கதவோடு நின்றாள். மாசமாக இருந்தாள். யாகப்பர் முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். பக்கத்து வாசல்களில் ஆட்கள் தலையை நீட்டினார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. சொல்லி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரேசாவுக்குத் தன் புருஷனை நினைத்துப் பெருமையாக இருந்தது. என்ன இருந்தாலும் இந்த வயதில் இது பெரிய காரியம்தான், தான் அன்றைக்கு விடாமல் கேட்டதும் நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

வேலைக்கு வரச் சொல்லி யாகப்பர் கேட்டார். "ரொனி அண்ணன் வந்து கூப்பிடட்டும் பாஸ். பாப்போம்," என்றான் தினேஸ். கோபமாகச் சொல்லவில்லை.

பஸ்ஸுக்கு அவனே கூட வந்தான். யாகப்பர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். தேயிலைக்கு மேலே பனி இறங்கத் தொடங்கியிருந்தது. தினேஸ் நடையைத் தாமதித்துத் திரேசாவோடு சேர்ந்துகொண்டான்.

"அம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுப்பா."

"பாஸுக்கு பயம். அது எனக்கு வெளங்குது. நீங்க ஜன்னல்ல நின்னு பாத்தீங்க தானே? நான் ஒங்களையும்தான் பாத்தேன். நீங்க ஏம்மா சொல்லல்ல?"

திரேசா புருஷனுக்கு எடுத்துச் சொன்ன நியாயமெல்லாம் அவளுக்கே திரும்பி வந்து நின்றது. தினேஸ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேட்டுவிட்டதோடு அவனுக்கு முடிந்துவிட்டதுபோல, முன்னால் போய் யாகப்பரின் கையைப் பிடித்துச் சரிவில் இறக்கிவிட்டான்.

பஸ் வந்து நின்றது. யாகப்பர் ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "ஏறு திரேசா."

"எறங்குங்க," என்றாள் அவள். "நான் இன்னும் சொல்லல்ல."

"என்னாத்த சொல்லல்ல? அதான் எல்லாம் சொல்லியாச்சே."

"நீங்க சொல்லிட்டீங்க," என்று சொல்லிவிட்டு அவள் தினேஸையும் தாண்டி, அவன் பெண்சாதி இருக்கும் லயத்தைப் பார்த்துத் திரும்பவும் மேட்டில் ஏறத் தொடங்கினாள்.